குறுக்குவில்லை இழுத்தவள்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
18.08.2024

யேசு மரி சூசை

அன்புள்ள றெஜினா அக்காவுக்கு,

முதலில் என் எழுத்தை மன்னித்துக்கொள்ளுங்கள். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், சில கீழே விழுந்து கிடக்கும். பேனையை அழுத்திப் பிடிப்பதால் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. இதை எனக்காக வேறு யாரும் எழுதவில்லை. உங்கள் தம்பி சீமோன், எழுபத்தாறு வயதில், நானேதான் எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகமாக இருக்கிறேன். மகன் யூட்சனும் மருமகளும் வேலைக்குப் போய்வருகிறார்கள். பேத்தி ஜெனாட் என்னைவிட உயரமாகிவிட்டாள்.

உங்களுக்குக் காது கேட்காமல் போனபிறகு நாங்கள் கதைத்ததெல்லாம் ஒரு கதையா? வீடியோவில் நான் வாயைத் திறக்கிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள். நடுவில் உங்கள் மருமகள் கிறிஸ்ரினா நின்று காதுக்குள் கத்துகிறா. அவ கத்துவது நான் சொன்னதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா, உங்களிடம் நான் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் நடக்காத காரியம். நடுவில் ஆள் வைத்து அதைக் கேட்க முடியாது. அதற்காகத்தான் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். அந்தக் கேள்வியை எழுதும் அளவுக்கு இன்னும் கை திருந்தவில்லை. திருந்தியதும் எழுதுகிறேன்.

போன கிழமை எங்கள் சுபாங்கி ரீச்சர் வகுப்பை நகரத்துக்குள் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனா. அங்கே கண்ணாடிப் பெட்டி ஒன்றில் பழைய வில்லுகள். அவற்றுக்கு நடுவில், ரயர் மாற்றக் காரைத் தூக்குகிற ஒரு ஜாக்! முப்பது வருடம் ரயர்க் கடையில் வேலை செய்தவனுக்கு ஜாக் தெரியாதா? நான் மெல்ல ரீச்சரிடம் போய், "உதுக்குள்ள ஆரோ ஜாக்கை மறந்து விட்டிட்டுப் போட்டினம், சொல்லிவிடுங்கோ பிள்ளை," என்றேன். ரீச்சர் பொறுப்பாக நின்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொல்ல, அவ சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. அது ஐந்நூறு வருடத்துக்கு முந்திய சாமானாம். வில்லுக்கு உரியதாம். கார் வைத்திருக்கிற எல்லோரும் என்னைப்போலத்தான் சொல்கிறார்களாம்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. குணவதி என்று ஓர் ஆள், அவதான் கூடச் சிரித்தா. கை நோகிறது அக்கா. இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புத் தம்பி
சீமோன்


பேசாலை, மன்னார்
10.09.2024

தம்பி சீமோனுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

தபால்காரர் உறையைத் தந்தபோது முகவரியைப் பார்த்து, யாரோ முதலாம் வகுப்புப் பிள்ளை என்று நினைத்தேன். உடைத்துப் படித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். நான் அழுததாகக் கிறிஸ்ரினா உனக்குப் போனில் சொன்னால் நம்பாதே. அன்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. காது போனதில் ஒரு நன்மை உண்டு. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த ஒலிபெருக்கி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்கள் எல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. பேனையைக் கொஞ்சம் இளக்கிப் பிடி, அது ஓடிப்போகாது. என்ன கேட்கப் போகிறாய்? காணியா? திருவிழாவுக்கு வரப்போகிறாயா? எதுவென்றாலும் நான் எண்பத்துமூன்று வயதுக்காரி என்பதை மறக்காமல் கையைத் திருத்து.

ஒரு வில்லுக்கு எதற்கு ஜாக்? வில்லு என்றால் இழுக்கிறது, விடுகிறது. எனக்கு விளங்கவில்லை. விளக்கமாக எழுது. அந்தக் குணவதி எதற்காக மற்றவர்களைவிடக் கூடச் சிரித்தாள் என்பதையும் எழுது.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.
அக்கா றெஜினா


மோர்னிங்சைட்
02.10.2024

யேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி பேனையை இளக்கிப் பிடித்தேன். ஓடவில்லை. இங்கே இலைகள் சிவந்துவிட்டன. எனக்குச் சளி பிடித்து மாறிவிட்டது. உங்கள் கடிதத்தை நான் யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்தேன் என்பதை நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது. பேருந்தில் இருந்து வாசித்துச் சிரித்ததில் பக்கத்து ஆள் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வில்லைப் பற்றிக் கேட்டீர்கள். இதன் பெயர் குறுக்குவில். துப்பாக்கியின் கட்டை மாதிரி ஒரு கட்டை. அதன் நுனியில் வில்லைக் குறுக்கே கட்டியிருக்கும். இந்த வில்லு வெறும் மரத்தில் செய்ததல்ல. கொம்பையும் தசைநாரையும் ஒட்டி, மேலே மரப்பட்டை சுற்றிச் செய்தது. நாண் என் சின்னவிரல் தடிப்பு. எவ்வளவு பெரிய வீரனும் வெறுங்கையால் அதை இழுக்க முடியாது. அதற்குத்தான் ஜாக். ஓர் இரும்புச் சட்டம், அதில் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கிறது. கைபிடியைச் சுற்றினால் உள்ளே சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துச் சட்டத்தை நகர்த்தும். சட்டத்தின் நுனியில் உள்ள கொளுக்கி நாணைப் பிடித்துப் பின்னால் இழுத்துவரும். மான்கொம்பில் கடைந்த சின்ன உருளை ஒன்றில் நாணை மாட்டிவிட்டு ஜாக்கைக் கழற்றி இடுப்பில் கொளுவிக்கொள்ளலாம். அம்புகள் குட்டை. அவற்றை வைக்கும் கூடு காட்டுப்பன்றித் தோல். மயிர் இன்னும் நிற்கிறது அக்கா, ஐந்நூறு வருடமாக!

இந்தக் குறுக்குவில்காரன் ஒரு தரம் சுற்றி முடிப்பதற்குள் சாதாரண வில்லுக்காரன் பல தரம் எய்துவிடுவானாம். அதைக் கேட்டதும் எனக்கு இந்தச் சாமான்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. என் கடிதமும் அப்படித்தானே.

இப்போது புதினம். இந்தக் குளிர்காலத்துக்கு அந்த அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ரொறன்ரோவில் பேசுகிற மொழிகளில் ஓர் அட்டை வைக்கப்போகிறார்கள். ஊர்ச் சனம் தங்கள் கையாலேயே எழுதவேண்டும். எங்கள் வகுப்பும் எழுதுகிறது. இரண்டு இரண்டு பேராக. ஜாக் எனக்கும் குணவதிக்கும் வந்தது.

எழுதுவதற்கு முன்னால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று புதிதாகச் செய்த வில்லு ஒன்றைத் தந்தார்கள், அம்பு இல்லாமல். அதை இழுக்க வேறொரு கருவி, இரண்டு கால் விரித்த நெம்புகோல். ஆங்கிலத்தில் அதற்கு ஆட்டுக்கால் என்று பெயராம். ரீச்சர் சொன்னதும் குணவதி, "சூப்பு வைக்கலாமோ எண்டு கேளுங்கோ ரீச்சர்," என்றா. வெள்ளைக்காரப் பெண் எப்படி இழுப்பது என்று காட்ட வந்தா. நான், "எனக்குக் காட்டத் தேவையில்லை, நான் கடல்ல தோணி தள்ளின ஆள்," என்று சொல்லிவிட்டு இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். வரவில்லை. என் காற்சட்டையின் பொத்தான் ஒன்று போய்விட்டது.

குணவதி பக்கத்தில் நின்று அந்தப் பெண் காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தா. "தள்ளுங்கோ சீமோன் அண்ணை," என்று என்னை விலக்கிவிட்டு, ஒரே தள்ளு. டக் என்று நாண் போய் உட்கார்ந்தது! நான் கை தட்டினேன். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்ற விசயத்தை எழுதக் கை இன்னும் திருந்தவில்லை.

அன்புத் தம்பி
சீமோன்


பேசாலை
24.10.2024

தம்பிக்கு,

மழை தொடங்கிவிட்டது. எனக்கு இருமல், பெரிதாக ஒன்றுமில்லை. உன் பொத்தானை யார் தைத்தது?

குறுக்குவில்லை மகன் அல்பேட்டுக்கு விளக்கினேன். அவன் இன்ரநெற்றில் படம் எடுத்துக் காட்டினான். நீ எழுதியது போலவே இருக்கிறது. உன் எழுத்திலிருந்து நான் மனதில் கீறிய படம்தான் இன்னும் அழகு.

நீ எனக்குக் காட்டுப்பன்றியின் மயிர் வரைக்கும் எழுதியிருக்கிறாய். அப்படி எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு கேள்வி எழுதத் தெரியாதா? கையைச் சாட்டாதே. உன் கை திருந்திவிட்டது. பயந்திருப்பது நீதான்.

குணவதி யார்? எந்த ஊர்? அவளுடைய ஆட்கள் எங்கே? கடிதம் முழுக்க அவள் நிற்கிறாள், ஆனால் நீ அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நான் செவிடு. குருடு இல்லை.

அக்கா றெஜினா


மோர்னிங்சைட்
12.11.2024

யேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருமல் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டுக் குடியுங்கள். தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்று கதை அடிபடுகிறது. அதற்கு முன்னால் இதைப் போட்டுவிடவேண்டும்.

கேட்கிறேன். குணவதியை நான் கல்யாணம் செய்ய விரும்புகிறேன். நீங்கள் சம்மதிப்பீர்களா?

எழுதிவிட்டேன். எழுதியபிறகு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவவுக்கு எழுபது வயது. கிளிநொச்சிப் பக்கம். தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறிய ஆள். தம்பி தங்கச்சிகளைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்கள். கணவர் இறந்து கனகாலம். பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இப்போது உயிரோடு இல்லை. இங்கே மில்லிக்கனில் ஒரு பேக்கரியில் வேலை செய்து, இப்போது மோர்னிங்சைட்டில் முதியோர் மாடிவீட்டில் தனியே இருக்கிறா. சைவம். இதைத்தான் உங்களுக்கு எழுதப் பயந்தேன்.

நடந்தது இப்படி. அட்டையில் என்ன எழுதுவது என்று கோப்பிக் கடையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். அவ, "சீமோன் அண்ணை, ஜாக் எண்டு எழுதாதேங்கோ, மானம் போகும்," என்றா. நான், "அண்ணை எண்டு கூப்பிடுறதை நிப்பாட்டுவீங்களோ?" என்றேன்.

"ஏன்? வகுப்பில எல்லாரையும் அண்ணை எண்டுதானே கூப்பிடுறன். பின்னை என்னெண்டு கூப்பிடுறது?"

"அதை யோசிச்சுத்தான் கேக்கிறன்."

அவ கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தா. சீனி போடாத கோப்பி அது. பிறகு சொன்னா: "உங்கட அக்கா ஓம் எண்டால் எனக்கும் ஓம். என்ர பக்கத்தில கேக்க ஒருத்தரும் இல்லை. அதாலதான் சொல்லுறன். உங்கட பக்கத்தில கேக்காமல் வரமாட்டன்."

யூட்சனிடம் சொன்னேன். "அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றான். ஜெனாட் என்னைக் கட்டிப்பிடித்து, "தாத்தா, தற்ஸ் சோ கியூட்," என்றாள். இங்குள்ள சுவாமியாரிடமும் கதைத்துவிட்டேன். ஆயரிடம் அனுமதி எடுக்கலாமாம். பேசாலைக் கோயிலில் இருந்து என் ஞானஸ்நான அத்தாட்சி வரவேண்டும். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் எல்லாம் சரிவந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாஸ்குத் திருநாள் முடியப் பார்க்கவேண்டும்.

அத்தாட்சியைக் கேட்டு நான் கோயிலுக்கு எழுதவில்லை. உங்களைத் தாண்டிப் போகமாட்டேன். உங்கள் சொல் வரும் வரை இருக்கிறேன்.

சீமோன்


பேசாலை
02.12.2024

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் மாறிவிட்டது.

அவளுடைய சமயத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அது அவளும் சுவாமியாரும் கதைக்கவேண்டியது. ஊரைப் பற்றியும் கேட்கவில்லை. வயதைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன தகுதி?

நான் கேட்பது வேறு. மோட்சம் போன உன் மனுசி, மச்சாள் யோசப்பின், நாற்பது வருடம் உனக்குச் சமைத்தாள். உன் மருந்தைப் பார்த்துத் தந்தாள். எனக்கு வந்த உன் கடிதங்களை எல்லாம் அவள்தான் எழுதினாள். நீ நல்லவன், சீமோன். ஆனால் சோற்றுக் கோப்பை எந்த அலுமாரியில் இருக்கிறது என்று தெரியாத நல்லவன். இப்போது உனக்கு வேண்டியது குணவதியா, இல்லை மறுபடியும் இரண்டு கைகளா? உன்னிடம் கேட்டால் குணவதி என்றுதான் சொல்வாய். அதனால் உன்னிடம் கேட்கவில்லை.

அவள் எழுதட்டும். உன்னிடம் எதைக் கண்டு வருகிறாள் என்று அவளே, தன் கையால், எனக்கு எழுதட்டும். நீ பக்கத்தில் இருக்கக்கூடாது. ரீச்சரும் திருத்தக்கூடாது. அதுவரை என்னிடம் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

அல்பேட் இதைப் போனில் சொல்லவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நீ எழுத்தில் கேட்டாய். எழுத்திலேயே பதில் வரும்.

அக்கா றெஜினா


மோர்னிங்சைட்
22.12.2024

யேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தார் வாழ்த்துகள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை.

தபால்காரர்களின் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. மலைபோலக் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றனவாம். உங்கள் கடிதம் அதற்குள் கிடக்கிறதா, நீங்கள் எழுதவே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று நினைக்கிறேன். அடுத்த நாள் உங்கள் கோபம் என்று நினைக்கிறேன். கிறிஸ்ரினாவிடம் போனில் கேட்டேன். "மாமி எழுத்திலதான் சொல்லுவாவாம்," என்று மட்டும் சொல்லிச் சிரித்தா. அந்தச் சிரிப்பு நல்லதா கெட்டதா?

இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள் அக்கா. அந்தச் சொல்லையும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

அட்டை வைத்துவிட்டார்கள்! கண்ணாடிக்குள், ஜாக்குக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் எங்கள் எழுத்து. முதல் இரண்டு வரி என்னுடையது, மற்ற இரண்டும் அவவுடையது. இப்படி இருக்கிறது:

"இது குறுக்குவில்லின் நாணை இழுக்கும் கருவி.
கையால் முடியாததை இது செய்யும்.
மெல்ல மெல்லத்தான் செய்யும்.
அவசரக்காரருக்குச் சரிவராது."

கீழே இரண்டு பேரின் பெயர். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை தாயிடம், "அம்மா, வை இஸ் தெயர் ஹான்ட்ரைட்டிங் லைக் தற்?" என்று கேட்டது. தாய் வெட்கப்பட்டா. குணவதி குனிந்து, "நாங்கள் உங்களை மாதிரித்தான் செல்லம், இப்பத்தான் பழகுறம்," என்றா.

அங்கிருந்து திரும்பும்போது பேருந்தில் அவ ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் பதிலைப் பற்றி அவ ஒருநாளும் கேட்பதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சீமோன்


மோர்னிங்சைட்
28.12.2024

மதிப்புக்குரிய றெஜினா அக்காவுக்கு,

நான் குணவதி. உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

இது நான் எழுதும் முதல் கடிதம். பிழை இருக்கும். ஒரு வரி எழுதி ஒரு தேத்தண்ணி குடிக்கிறேன். உங்கள் தம்பிக்கு நான் எழுதுவது தெரியாது. முகவரியை ஜெனாட்டிடம் வாங்கினேன்.

அவர் உங்கள் பதிலுக்காகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பூட்டுகிறார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் சைவம். உங்கள் கோயிலுக்கு வருவேன். என் பிள்ளையாரை விடமாட்டேன். இதைப் பாதரிடமும் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார்.

அந்த வில்லைப் பற்றி அவர் உங்களுக்கு எழுதினார் என்று தெரியும். நான் இழுத்தேன் என்று எழுதியிருப்பார். மிச்சத்தை எழுதியிருக்கமாட்டார். என் அப்பா நல்லவர். அண்ணன்மார் நல்லவர்கள். இறந்துபோன என் மனுசனும் நல்லவர். ஆனால் அவர்களுக்கு முடியாத ஒன்றை நான் செய்துவிட்டால் அன்று வீட்டில் யாரும் கதைக்கமாட்டார்கள். அதனால் முடிந்தாலும் முடியாதமாதிரி நிற்கப் பழகிவிட்டேன். அன்றைக்கு மறந்துபோய் இழுத்துவிட்டேன். சத்தம் கேட்டதும் பயந்துபோய் அவரைப் பார்த்தேன். அவர் கை தட்டிக்கொண்டு நின்றார். "இன்னொருக்கால் செய்யுங்கோ, நான் வடிவாப் பாக்கேல்லை," என்றார். நான் மூன்று தரம் செய்தேன்.

இதுதான் அக்கா. வேறு ஒன்றும் இல்லை.

அவருக்குச் சமைக்கத் தெரியாது. போன கிழமை எனக்காகப் புட்டு அவித்தார். கல்லு. தேங்காய்ப்பூப் போட மறந்துவிட்டார். நானும் சாப்பிட்டேன், அவரும் சாப்பிட்டார். பிறகு பிழையைக் கேட்டுத் திரும்ப அவித்தார். அது பரவாயில்லை.

உங்களுக்கு விருப்பமில்லை என்றால் நான் கவலைப்படமாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். கவலைப்படுவேன்.

குணவதி


மோர்னிங்சைட்
20.01.2025

யேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் டிசம்பர்க் கடிதம் இன்றுதான் வந்தது! உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் சப்பாத்துக் கழற்றாமல் நின்றபடியே வாசித்தேன். நனைந்த சப்பாத்து, கம்பளம் பழுதாகிவிட்டது, மருமகள் பேசினா. பேசட்டும்.

சோற்றுக் கோப்பை இடதுபக்க அலுமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. இப்போது போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. யோசப்பினுக்கு நான் ஒரு தேத்தண்ணிகூடப் போட்டுக்கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பனி கொட்டுகிறது. அதற்குள் நடந்து அவவின் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். அவ விரல் வைத்து வாசித்தா. "அவள் எழுதட்டும்" என்ற இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அவவுக்குக் கஷ்டமாகிவிட்டது என்று நினைத்து, "எழுத விருப்பமில்லாட்டி விடுங்கோ, நான் அக்காவுக்குச் சொல்லுறன்," என்றேன்.

"என்னத்தைச் சொல்லப் போறியள்? நான் எழுதிப் போட்டு மூண்டு கிழமை."

"ஆரைக் கேட்டு?"

"ஏன், உங்களைக் கேக்கவேணுமோ?"

"என்ன எழுதினனீங்கள்?"

"அது எனக்கும் அக்காவுக்கும்," என்று சொல்லி உங்கள் கடிதத்தை மடித்து எனக்குத் தந்தா. அவ என்ன எழுதினா அக்கா? கேட்கக்கூடாது, தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

தவக்காலம் கிட்ட வருகிறது. சுவாமியார் மற்றதெல்லாம் ஆயத்தம் என்கிறார். நான் தபால்பெட்டியை இனி ஒரு நாளில் ஒரு தரம்தான் திறப்பதாக அவவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

சீமோன்


பேசாலை
10.02.2025

தம்பி சீமோனுக்கும் மச்சாள் குணவதிக்கும் அக்கா எழுதுவது.

இரண்டு பேரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஒருவரைப் பிள்ளையாரும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

மச்சாள், உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அதை நான் இவனுக்குக் காட்டப்போவதில்லை. என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அது வந்த அன்றைக்கே நான் கோயிலுக்குப் போனேன். நோகிற இந்த முழங்காலோடுதான் போனேன். சுவாமியாரிடம் ஞானஸ்நான அத்தாட்சி கேட்டேன். "எதற்கு?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "கல்யாணத்துக்கு," என்றேன். "யாருக்கு?" என்று எழுதினார். "என் தம்பிக்கு, எழுபத்தாறு வயது," என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தாட்சி மட்டும் அனுப்பினால் போதும் என்றார். எனக்குப் போதாது. எங்கள் குடும்பத்தில் ஓலை வாசிக்காமல் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரியுமா என்று கோயில் நடுவே கேட்டால்தான் அது கல்யாணம். தம்பி, நீ ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் உன் பெயர் கேட்கவேண்டும் என்றேன். அவர் சம்மதித்தார்.

இனி முதல் ஞாயிறு நடந்ததைக் கேள். நான் முன்வாங்கில் இருந்தேன். சுவாமியாரின் வாய் அசைகிறது. அது உன் பெயரா, செத்தவர்களின் பூசைக் கருத்தா, எனக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்ரினாவைப் பார்த்தால் அவள் பிள்ளையோடு வெளியே நிற்கிறாள். அந்த நேரம் கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. மீன்வாடிக்காரக் கஸ்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். ஓகோ, வந்துவிட்டது என்று விளங்கியது. இவ்வளவு பேர் பார்க்கும்போது பேசாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று எழுந்து நின்றேன்.

எல்லோருடைய சிரிப்பும் நின்றுவிட்டது. சுவாமியாரின் முகம் வெளிறிவிட்டது. பிறகுதான் கிறிஸ்ரினா எனக்கு எழுதிக் காட்டினாள்: நான் எழும்பியது அவர், "இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாரும் இருக்கிறீர்களா?" என்று கேட்டு முடித்த அந்த நிமிடமாம். மாப்பிள்ளையின் சொந்த அக்கா தடை சொல்ல எழும்பிவிட்டாள் என்று முழுக் கோயிலும் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்ததாம்.

எனக்கு அது எங்கே தெரியும்? எல்லோரும் மறுமொழிக்குக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. அதனால் சொன்னேன். என் குரல் எவ்வளவு சத்தம் என்று எனக்குக் கேட்பதில்லை, அதுதான் உனக்குத் தெரியுமே. வெளியே தேர்முட்டி வரைக்கும் கேட்டதாம்.

"ஓம்! என்ர தம்பிதான்! எனக்கு ஓம்!"

மற்ற இரண்டு ஞாயிறும் ஓலை வாசிக்கும்போது சுவாமியார் முதலில் என்னைப் பார்த்துக் கையால் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்.

அத்தாட்சி இதற்குள் இருக்கிறது. தபாலை நம்பாமல் கூரியரில் போடச் சொன்னேன்.

உங்கள் அக்கா
றெஜினா


மோர்னிங்சைட் (முகவரி மாறியிருக்கிறது, உறையில் பாருங்கள்)
03.03.2025

யேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் தொண்டை நலமா? அப்படிக் கத்தியபிறகு மல்லித் தண்ணீர் குடித்தீர்களா?

முந்தநாள் சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. குணவதி மஞ்சள்பச்சைச் சேலை, மேலே குளிருக்குத் தடித்த கோட்டு. நான் யூட்சனின் கோட்டு சூட்டு. வகுப்பு முழுவதும் வந்தது. சுபாங்கி ரீச்சர்தான் பெண்பக்கச் சாட்சி. கையெழுத்து வைக்கும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினோம். பின்னால் நின்றவர்களுக்கு நெடுநேரம் ஆகிவிட்டது. "விரல் அடையாளம் வைச்சிருந்தால் இப்ப சாப்பிட்டுக்கொண்டிருப்பம்," என்று யாரோ சொன்னது கேட்டது. குணவதி நிமிராமலே, "சோறு ஓடாது," என்றா.

உங்கள் கடிதத்தைச் சுவாமியாருக்கு முதல்நாளே வாசித்துக் காட்டியிருந்தேன். அவர் பூசையில் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "பேசாலையில இருக்கிற அக்காவின்ர சம்மதம் எங்களுக்குக் கிடைச்சிட்டுது. இங்க ஆருக்கும் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். யாரும் அசையவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது. அந்த நேரம் குணவதி எழுந்து நின்றா. நான் அவவின் கோட்டு நுனியைப் பிடித்தேன் அக்கா. அவ சபைப் பக்கம் திரும்பி, உங்கள் சத்தம் எவ்வளவோ தெரியாது, ஆனால் அதற்குக் குறையாத சத்தத்தில் சொன்னா:

"எனக்கும் ஓம்!"

நான் கை தட்டினேன். கோயிலில் தட்டக்கூடாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் எல்லோரும் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இதை எழுதும்போது அவ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து உங்களுக்குத் தன் பங்குக் கடிதத்தை எழுதுகிறா. இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதுகிறா. தேத்தண்ணி இன்று நான் போட்டது. இனி எங்கள் இருவருக்கும் தனித்தனி உறையில்தான் எழுதவேண்டுமாம், ஒன்றாக எழுதினால் நான் முந்தி உடைத்துவிடுவேனாம். அது உண்மைதான். தாள் முடிகிறது, ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டில் நடந்த கூத்து மிச்சம் இருக்கிறது. அதற்கு வேறு தாள் வேண்டும். அடுத்த கிழமை வாங்கி எழுதுகிறேன்.

உங்கள் தம்பி
சீமோன்